உளச்சிகிச்சையில் 'அகக்குழந்தை': உருவகமும் உண்மைக்கூற்றும் – ஓர் அறிவியல் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வளர்ந்த மனிதரின் உள்ளத்தில் காயம்பட்ட குழந்தை ஒன்று வாழ்கிறது. அதனைக் கண்டறிந்து தேற்றினால் உளத்துன்பம் தீரும் என்னும் கருத்து, 1960களிலிருந்து உளச்சிகிச்சையிலும் சுயமுன்னேற்ற நூல்களிலும் வேரூன்றியுள்ளது. இக்கருத்தாக்கம் உருவகம், சிகிச்சை உத்தி, உண்மைக்கூற்று என்னும் மூன்று நிலைகளில் வழங்குகிறது. உத்தி என்ற நிலையில் கிடைத்த சான்றுகள், உண்மைக்கூற்று என்ற நிலைக்கு உரியனவாகக் காட்டப்படுகின்றன. நினைவு குறித்த சோதனைகள், குழந்தைப்பருவத் துன்பம் குறித்த நெடுங்கால ஆய்வுகள், சிகிச்சைப் பயன் குறித்த ஒப்பாய்வுகள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்குழப்பத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. சிகிச்சைக்கு உட்படுவது கடந்தகாலக் குழந்தையன்று, இன்றைய மனிதரின் இன்றைய நினைவே என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: அகக்குழந்தை, உளச்சிகிச்சை, நினைவு, ஸ்கீமா சிகிச்சை, பொய் நினைவு, பொய்ப்பிக்கத்தக்க தன்மை

முன்னுரை

'அவருக்குள் ஒரு குழந்தை இருக்கிறது' என்று தமிழில் ஒருவரைக் குறித்துச் சொன்னால், அது பெரும்பாலும் பாராட்டாகவே அமையும். கள்ளமின்மையும் வியப்புணர்வும் முதுமையிலும் மாறாதிருப்பதை அத்தொடர் சுட்டுகிறது. உளச்சிகிச்சையில் வழங்கும் அகக்குழந்தை இதனின் வேறுபட்டது. அது ஒரு நோய்க்காரணமாகவும் மருந்து சென்று சேரவேண்டிய இடமாகவும் கருதப்படுகிறது. இவ்விரு பொருள்களும் ஒரே சொல்லில் கலப்பதால், கருத்தாக்கத்தின் மீதான கேள்வி குழந்தைமையின் மீதான தாக்குதலாகவோ குழந்தைப்பருவக் கொடுமைகளை மறுப்பதாகவோ புரிந்துகொள்ளப்படும் வாய்ப்புண்டு. குழந்தைகள் மீதான வன்கொடுமை உண்மை. அதன் நெடுங்கால விளைவும் உண்மை. அவ்விளைவை விளக்குவதற்கு 'உள்ளே வாழும் குழந்தை' என்னும் கருத்து அறிவியல் நோக்கில் தகுதியுடையதா என்பதே இங்கு எழும் வினா.

கருத்தாக்கத்தின் வரலாறு

அகக்குழந்தைக் கருத்தை முன்மொழிவோர் அதன் மூலவராகக் கார்ல் குஸ்தாவ் யுங்கைச் சுட்டுவது வழக்கம். 1940இல் அவர் எழுதிய கட்டுரை குழந்தையைத் தொன்மப் படிமமாக ஆராய்ந்தது. ஆயினும் இப்படிமத்தை நடைமுறையில் வாழ்ந்த குழந்தையோடு ஒன்றாக்குவது பொதுமக்களிடையே காணப்படும் தவறான சார்பு என அக்கட்டுரையிலேயே யுங் எச்சரித்துள்ளார். பின்வந்தோர் அவரது பெயரை எடுத்துக்கொண்டனர், எச்சரிக்கையை விட்டுவிட்டனர்.

இன்றைய பொருளுக்கு அணுக்கமான வடிவம் 1960களில் அமெரிக்காவில் உருவாயிற்று. எரிக் பெர்ன் தமது பரிமாற்றப் பகுப்பாய்வில் ஆளுமையைப் பெற்றோர், வளர்ந்தோர், குழந்தை என்னும் மூன்று தன்னிலைகளாகப் பகுத்தார். 1963இல் ஹியூ மிசில்டைன் வெளியிட்ட நூல், கடந்தகாலத்தின் அகக்குழந்தை என்னும் தொடரைத் தலைப்பிலேயே தாங்கியிருந்தது. 1979இல் அலிஸ் மில்லரின் நூல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. மதுவடிமைகளின் பிள்ளைகளுக்கான மீட்பு இயக்கத்தின் பின்னணியில் சார்லஸ் விட்ஃபீல்டு 1987இலும், ஜான் பிராட்ஷா 1990இலும் எழுதிய நூல்கள் இக்கருத்தைப் பெருந்திரளான வாசகரிடம் சேர்த்தன. பிராட்ஷா தொலைக்காட்சித் தொடர் வாயிலாகவும் இதனைப் பரப்பினார். 2015இல் ஸ்டெஃபனி ஸ்டால் எழுதிய ஜெர்மானிய நூலின் பெருவிற்பனை, இக்கருத்தின் செல்வாக்கு குறையவில்லை என்பதைக் காட்டுகிறது.

இவ்வரலாற்றில் ஒன்று கருதத்தக்கது. இக்கருத்து ஆய்வுக்கூடத்திலிருந்து சிகிச்சை அறைக்கு வந்ததன்று. சிகிச்சை அறையின் பேச்சுவழக்கு நூலுக்கும் மேடைக்கும் சென்று, அங்கே கோட்பாட்டின் தகுதியைப் பெற்றது.

மூன்று பொருள்நிலைகள்

அகக்குழந்தை என்னும் சொல் மூன்று நிலைகளில் ஆளப்படுகிறது. முதலாவது, உருவகம். முதிர்ந்த ஒருவர் சிறு கண்டிப்புக்கும் நடுங்குவதை 'உள்ளிருக்கும் குழந்தை அஞ்சுகிறது' எனக் கூறுவது இத்தகையது. உருவகத்தை மெய் என்றோ பொய் என்றோ தீர்ப்பதில்லை. அது தெளிவு தருகிறதா என்பதே கேள்வி. இரண்டாவது, உத்தி. சிறுவயதுத் தம்மை மனக்கண்ணில் கண்டு அவ்வுருவோடு பேசுமாறு சிகிச்சையாளர் பணிப்பது இதன்பாற்படும். உத்தியின் பயனைச் சோதிக்க இயலும். மூன்றாவது, உண்மைக்கூற்று. குறித்த வயதில் வளர்ச்சி நின்றுபோன ஒரு பகுதி உள்ளத்தில் அப்படியே இருக்கிறது, இன்றைய துன்பத்திற்கு அதுவே காரணம், அதனை நேரடியாக அணுகலாம் என்பது இதன் சாரம்.

அறிவியல் மெய்யியலில் இவ்வேறுபாடு புதிதன்று. நடத்தைகளைத் தொகுத்துச் சுட்டும் வசதிச்சொல்லையும், உண்மையில் இருப்பதாகக் கொள்ளப்படும் பொருளையும் வேறுபடுத்த வேண்டும் என மக்கார்க்குவடேலும் பால் மீலும் 1948இல் வலியுறுத்தினர். முன்னதற்கு, கண்ட நடத்தைகளுக்கு அப்பால் சான்று வேண்டியதில்லை. பின்னதற்குத் தனிச்சான்று தேவை. அகக்குழந்தை இலக்கியம் வசதிச்சொல்லாகத் தொடங்கி, ஓரிரு பத்திகளுக்குள் அக்குழந்தைக்கு வயதும் விருப்பும் குரலும் அளித்துவிடுகிறது. 'அஞ்சுகிறார், ஏனெனில் உள்ளே அஞ்சும் குழந்தை உள்ளது' என்னும் விளக்கத்தில், விளக்கப்பட வேண்டியதே விளக்கமாகத் திரும்பி வருகிறது.

நினைவு பதிவுநாடா அன்று

உண்மைக்கூற்றின் அடித்தளம் நினைவு பற்றிய ஒரு நம்பிக்கையாகும். குழந்தைப்பருவ அனுபவங்கள் மூளையில் அழியாமல் பதிந்துள்ளன. தக்க திறவுகோல் கிடைத்தால் அவை மீண்டும் ஒலிக்கும் என்பதே அது. பரிமாற்றப் பகுப்பாய்வைப் பரவலாக்கிய தாமஸ் ஹாரிஸின் நூல், இந்நம்பிக்கைக்குச் சான்றாக நரம்பு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டின் பணியை முன்வைத்தது. வலிப்புநோய் அறுவையின்போது மூளையின் பக்கமடலில் மின்தூண்டல் அளித்தபோது, சிலர் பழைய காட்சிகளையும் ஒலிகளையும் உணர்ந்ததாகக் கூறினர்.

பென்ஃபீல்டும் பெரோவும் 1963இல் வெளியிட்ட முழுத்தொகுப்போ வேறு சித்திரத்தைத் தருகிறது. பக்கமடலில் தூண்டப்பட்ட 520 பேருள் 40 பேர் மட்டுமே இத்தகைய அனுபவத்தைக் கூறினர். 1980இல் இத்தரவுகளை மீளாய்ந்த எலிசபெத் லாஃப்டஸும் ஜெஃப்ரி லாஃப்டஸும், அவ்வனுபவங்களுள் பல கனவையோ புனைவையோ ஒத்தவை என்றும், அழியாப் பதிவு என்னும் கருத்தை அவை நிறுவவில்லை என்றும் காட்டினர். நினைவுகூர்தல் மீளுருவாக்கமே என்பதை ஃபிரடெரிக் பார்ட்லெட் 1932லேயே விளக்கியிருந்தார். ஆக, அகக்குழந்தையைத் தாங்கிய நரம்பியல் தூண், அது நடப்பட்ட காலத்திலேயே உறுதியற்றதாக இருந்தது.

குழந்தைநிலைக்கு மெய்யாகவே திரும்ப இயலுமா என்பதும் சோதிக்கப்பட்டுள்ளது. அறிதுயிலில் வயதைப் பின்னோக்கி நகர்த்தும் ஆய்வுகளை 1987இல் மைக்கேல் நாஷ் தொகுத்து மதிப்பிட்டார். குழந்தையாக மாறியதாகத் தோன்றியவர்கள், அவ்வயதுக் குழந்தைகளின் அறிதல் திறனையோ உடலியல் எதிர்வினைகளையோ உண்மையில் வெளிப்படுத்தவில்லை. வளர்ந்தோர் குழந்தை எவ்வாறிருக்கும் எனக் கருதுகின்றனரோ அவ்வாறே நடந்துகொண்டனர். நாஷும் பிறரும் 1986இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு மேலும் கூர்மையானது. சிறுவயதில் ஆறுதலுக்காகப் பற்றிக்கொண்ட பொம்மை, போர்வை போன்றவற்றைப் பற்றி அறிதுயில் நிலையினர் உணர்ச்சி ததும்பப் பேசினர். தாய்மாரின் கூற்றுகளோடு ஒப்பிட்டபோது, அறிதுயிலுக்கு உட்படாத ஒப்பீட்டுக் குழுவினரைவிட இவர்களின் விவரங்கள் மிகவும் குறைவாகவே பொருந்தின. உணர்ச்சியின் ஆழம் நினைவின் உண்மைக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இவ்விடத்தில் பரவலான ஓர் உத்தியைக் கருதலாம். வலக்கைப் பழக்கமுடையவரை இடக்கையால் எழுதச்செய்து, அவ்வெழுத்தை அகக்குழந்தையின் மறுமொழியாகக் கொள்ளும் பயிற்சியை லூசியா கப்பக்கியோனி, பிராட்ஷா ஆகியோரின் நூல்களில் காணலாம். கோணல்மாணலான எழுத்தும் சுருங்கிய சொற்களும் எழுதுவோரையே நெகிழச் செய்கின்றன. ஆனால் பழகாத கையால் எழுதினால் எவர் எழுத்தும் அவ்வாறே அமையும். எழுதுவது கடினமாதலால் தொடர்களும் சுருங்கும். மூளையின் வலப்பாதியில் குழந்தை உறைகிறது என்னும் விளக்கமும் பொருந்தாது. இருபாதிகளுக்கும் இடையேயான நரம்பிணைப்பு துண்டிக்கப்பட்டோரிடம் கண்ட முடிவுகளை, அவ்விணைப்பு சிதையாதவர்களுக்கு அவ்வாறே ஏற்றிச் சொல்ல இயலாது. கருவி தோற்றுவித்த வடிவமே கண்டுபிடிப்பாகக் கொள்ளப்படுகிறது.

கைக்குழந்தைப் பருவத்தின் காயத்தை மீட்பதாகக் கூறும் பயிற்சிகள் இன்னும் பெரிய இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றன. பெரும்பாலோரின் முதல் நினைவு ஏறத்தாழ மூன்று அல்லது மூன்றரை வயதுக்கு உரியது. அதற்கு முற்பட்ட அனுபவம் பிற்கால உணர்வுப்பாங்கைப் பாதிக்கலாம். காட்சியாகவும் சொல்லாகவும் எழுந்து பேசும் என்பதற்குச் சான்றில்லை.

குழந்தைப்பருவமும் காரணகாரியமும்

குழந்தைப்பருவத் துன்பம் பிற்கால நலத்தைப் பாதிக்கிறது என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் பிறரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முதன்மையானது. ஆயினும் மக்கள்தொகை அளவில் காணப்படும் தொடர்பு, ஒரு தனிமனிதரின் துன்பத்துக்கான காரணத்தைக் காட்டிவிடாது. இத்துன்ப மதிப்பெண்ணைத் தனிநபர் மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தலாகாது என 2020இல் ஆண்டாவே எச்சரித்தார். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த எம்மி வெர்னரின் ஆய்வில், மிகுந்த இடர்ச்சூழலில் வளர்ந்தோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறனும் அக்கறையும் உடைய மனிதர்களாக முதிர்ந்தனர். இளமையில் தடுமாறியவர்களிலும் பலர் பின்னர் மீண்டனர். குறித்த வயதில் உறைந்துபோன குழந்தை என்னும் படிமம் இவ்வளர்ச்சிப் பாதைகளோடு இயையவில்லை.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்றுண்டு. ஜெஸ்ஸி பால்ட்வினும் பிறரும் 2019இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 25,471 பேரைக் கொண்ட 16 ஆய்வுகளை இணைத்தது. குழந்தைப்பருவத்திலேயே கொடுமைக்கு உட்பட்டதாகப் பதிவானவர்களுள் சராசரியாக 52 விழுக்காட்டினர் பிற்காலத்தில் அதனைக் கூறவில்லை. பிற்காலத்தில் கூறியவர்களுள் 56 விழுக்காட்டினருக்கு அக்காலப் பதிவில் ஒத்த குறிப்பில்லை. பின்னவர்கள் பொய்யுரைத்தனர் என்பது இதன் பொருளன்று. பதிவேடுகளும் பலவற்றைத் தவறவிடுகின்றன. இரு வழிகளும் பெருமளவில் வெவ்வேறு மனிதர்களையே அடையாளம் காட்டுகின்றன என்பதே முடிவு.

ஆண்ட்ரியா டனேசேயும் கேத்தி விடோமும் 2020இல் இதனை மேலெடுத்துச் சென்றனர். 1,196 பேரிடம் நீதிமன்றப் பதிவுகளையும் அவர்தம் கூற்றுகளையும் ஒப்பிட்டபோது, பிற்கால உளநோய் இடர் அவர்களின் சொந்த நினைவோடும் மதிப்பீட்டோடும் வலுவாக இணைந்திருந்தது. பதிவு இருந்தும் தாமே அவ்வாறு கருதாதவர்களிடம் இடர் குறைவாகவே காணப்பட்டது. அகக்குழந்தைக் கோட்பாட்டின்படி, மறக்கப்பட்டதும் மறைக்கப்பட்டதுமே பெருந்தீங்கு விளைக்க வேண்டும். இவ்வாய்வோ நினைவில் உள்ளதும் அதற்கு இன்று அளிக்கப்படும் பொருளுமே துன்பத்தோடு நெருங்கிய தொடர்புடையன என்கிறது. கடந்தகால நிகழ்வு புறக்கணிக்கத்தக்கது என்று இதற்குப் பொருள்கொள்ளலாகாது. சிகிச்சையின் களம் எது என்பதை இது தெளிவாக்குகிறது.

பொய்ப்பிக்க இயலாமை

ஒரு கூற்று எந்நிலையில் தவறாகும் என்பதை முன்கூட்டியே சொல்ல இயலவேண்டும் என்பது கார்ல் பாப்பரின் அளவுகோல். அகக்குழந்தை இலக்கியம் இதற்கு இடந்தருவதில்லை. துன்பம் நினைவிலிருந்தால் காயத்துக்குச் சான்று. நினைவில் இல்லையேல் காயம் புதைக்கப்பட்டதற்குச் சான்று. பிறரைச் சார்ந்திருப்பதும் காயம், எவரையும் சாராதிருப்பதும் காயம். கருத்தையே மறுத்தால், அம்மறுப்பும் அஞ்சிய குழந்தையின் தற்காப்பாகிறது.

இந்நூல்களில் காணப்படும் வினாப்பட்டியல்களும் இத்தன்மையனவே. மறுக்கப்படுவோமோ என்ற அச்சம், பிறரை மகிழ்விக்கும் ஆவல், தன்மீதான ஐயம் ஆகியன ஏறத்தாழ எல்லோரும் தமக்குரியவை என ஏற்கத்தக்கவை. பெர்ட்ராம் ஃபோரர் 1949இல் வெளியிட்ட சோதனையில், 39 மாணவர்களுக்கும் ஒரே பொதுவான ஆளுமைக் குறிப்பு தனித்தனியே வழங்கப்பட்டது. அதன் பொருத்தத்துக்கு அவர்கள் அளித்த சராசரி மதிப்பு 5க்கு 4.26. 'என்னைப் பற்றியே எழுதப்பட்டுள்ளது' என்னும் வாசக அனுபவம் கோட்பாட்டுக்குச் சான்றாகாமைக்கு இதுவே காரணம்.

சிகிச்சைப் பயன் எதனை நிறுவுகிறது?

கருத்தாக்கத்தை ஆதரிப்போரின் வலிய வாதம், ஸ்கீமா சிகிச்சையின் வெற்றியாகும். ஜெஃப்ரி யங் வகுத்த இம்முறையில், காயமுறத்தக்க குழந்தை என்னும் நிலை முக்கிய இடம் பெறுகிறது. எல்லைநிலை ஆளுமைக் கோளாறுடைய 86 பேரிடம் நெதர்லாந்தில் மூன்றாண்டுகள் நடத்தப்பட்டு 2006இல் வெளியான ஆய்வில், ஒப்பிடப்பட்ட உளப்பகுப்பாய்வுசார் சிகிச்சையைவிட இது மிகுந்த பயன் தந்தது. 495 பேரைக் கொண்டு 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், தனிநபர் அமர்வும் குழு அமர்வும் இணைந்த ஸ்கீமா சிகிச்சை வழக்கமான சிகிச்சையை விஞ்சியது. இச்சான்றுகளைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையன்று.

ஆயினும் இரண்டு குறிப்புகள் இன்றியமையாதன. முதலாவது, இம்முறையில் நிலை எனப்படுவது ஒரு கணத்தில் முனைப்புற்றிருக்கும் உணர்வு, எண்ணம், எதிர்வினை ஆகியவற்றின் தொகுதியே. உள்ளே வாழும் ஆளன்று. இரண்டாவது, ஸ்கீமா சிகிச்சையில் சிகிச்சையாளர் உறவு, எண்ணங்களைச் சோதித்தல், நடத்தை மாற்றம், நெடுங்கால ஆதரவு ஆகியனவும் அடங்கும். முழுமையின் வெற்றி, ஒரு கூறு பற்றிய விளக்கத்தின் மெய்ம்மையை நிறுவாது.

குழந்தை உருவை நேரடியாகக் கையாளும் உத்தி, மனக்காட்சியை மாற்றியமைத்தலாகும். வளர்ந்த தாமோ சிகிச்சையாளரோ பழைய காட்சிக்குள் புகுந்து குழந்தையைக் காப்பதாக இதில் கற்பனை செய்யப்படும். குழந்தைப்பருவக் கொடுமையால் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறுற்ற 155 பேரிடம் இவ்வுத்தியையும், கண்ணசைவு வழி நினைவைச் செயற்படுத்தும் முறையையும் ஒப்பிட்ட ஆய்வு 2020இல் வெளியானது. இரண்டும் பெரும்பயன் தந்தன. அவற்றிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. பின்னைய முறை அகக்குழந்தை என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டதன்று. பாரி கிராக்கோவும் பிறரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் வன்முறைக்கு உட்பட்ட 168 பெண்கள் பங்கேற்றனர். கெட்ட கனவின் காட்சியை விழிப்பில் மாற்றி ஒத்திகை பார்த்தவர்களுக்குக் கனவுத்தொல்லை குறைந்தது. அங்கே தேற்றப்பட வேண்டிய குழந்தை எதுவுமில்லை, மாற்றப்பட்டது காட்சியே. ஆகவே, நினைவையும் அதன் பொருளையும் மாற்றுவதே செயற்படும் கூறு என்னும் விளக்கம் எளிமையானது, சான்றுகளோடும் இயைவது.

தீங்கின் பரிமாணங்கள்

உருவகத்தை உண்மையாகக் கொள்வதன் விளைவுகள் கோட்பாட்டளவில் நின்றுவிடவில்லை. எலன் பாஸும் லாரா டேவிஸும் 1988இல் வெளியிட்ட நூல், தெளிவான நினைவு இல்லாதபோதும் வன்கொடுமை நிகழ்ந்ததாகக் கருதத் தூண்டுகிறது எனக் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளாயிற்று. மீட்கப்பட்டதாகக் கருதப்பட்ட நினைவுகளின் பேரில் 1990களில் பல குடும்பங்கள் சிதைந்தன. லாஃப்டஸும் பிக்ரெலும் 1995இல் வெளியிட்ட சோதனையில், சிறுவயதில் வணிக வளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு கற்பனை நிகழ்வு 24 பேரிடம் கூறப்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அதனை முழுமையாகவோ ஓரளவோ நினைவுகூர்ந்தனர். இத்தகைய நினைவு மீட்பு உத்திகளைத் தவிர்க்குமாறு பிரித்தானிய அரச மனநல மருத்துவர் கல்லூரி 1997இல் அறிவுறுத்தியது. குற்றமற்றோர் பழிக்கப்படுவது ஒரு தீங்கு. உண்மையாகவே துன்புற்றோரின் சாட்சியம் ஐயத்துக்குள்ளாவது மற்றொன்று.

அடக்கிய சினத்தை வெளிக்கொட்டும் பயிற்சிகளும் சோதனைக்கு உட்பட்டவையே. 2002இல் பிராட் புஷ்மன் வெளியிட்ட ஆய்வில், சினமூட்டியவரை எண்ணியபடி குத்துப்பையைக் குத்தியவர்கள், எதுவும் செய்யாது அமர்ந்திருந்தவர்களைவிட மிகுந்த சினத்தோடிருந்தனர்.

பேசப்படாத தீங்கு வேறொன்று. வன்முறைத் திருமணம், கடன்சுமை, பணியிட அவமதிப்பு முதலியவற்றால் இன்று துன்புறுவோரை முப்பதாண்டுகளுக்கு முந்தைய குழந்தையைத் தேடி அனுப்புவது, மாற்றத்தக்க காரணத்தைப் பார்வையிலிருந்து மறைத்துவிடும்.

மறுதரப்பு வாதம்

தன்மீது கடுமை காட்டும் ஒருவர், தம்மையே குழந்தையாகக் கண்டால் இரக்கம் கொள்கிறார். இவ்வுருவகமின்றி அவ்விரக்கம் பிறப்பதில்லை எனச் சிகிச்சையாளர்கள் கூறுவர். இவ்வாதம் ஏற்கத்தக்கதே. தன்னிரக்கத்தைத் தூண்டும் வாயிலாக அகக்குழந்தை பயன்படலாம். ஆனால் அதற்கு அக்குழந்தை உள்ளே வாழ்வதாக நம்பவேண்டியதில்லை. நாடகத்தில் அழும் பார்வையாளர் மேடையிலிருப்பவர் நடிகர் என்பதை அறிந்தே அழுகிறார். அவ்வறிவு அவரது கண்ணீரைக் குறைப்பதில்லை. சிகிச்சை பெறுவோருக்கும் இவ்வறிவை மறைக்கவேண்டிய தேவை இல்லை.

முடிவுரை

அகக்குழந்தை உருவகமாகப் பொருளுடையது, உத்தியாகச் சில நிலைகளில் பயனுடையது, உண்மைக்கூற்றாகச் சான்றற்றது. அழியாப் பதிவு என்னும் அதன் நினைவுக்கொள்கை ஆய்வால் தாங்கப்படவில்லை. அதன் காரணகாரிய விளக்கம் நெடுங்கால ஆய்வுகளோடு இயையவில்லை. அதன் சிகிச்சைச் சான்று வேறு விளக்கத்துக்கும் இடந்தருகிறது. குழந்தை உருவுடன் கூடிய மனக்காட்சியையும் அவ்வுருவின்றி அதே நினைவை மாற்றும் முறையையும் நேரடியாக ஒப்பிடும் ஆய்வுகளே இனி இவ்வினாவை மேலெடுத்துச் செல்லும்.

இக்கருத்தைத் தமிழில் எழுதுவோரும் கற்பிப்போரும், 'உள்ளே ஒரு குழந்தை இருக்கிறது' என்பதற்கும் 'சிறுவயது நினைவு இன்று இவ்வாறு துன்புறுத்துகிறது' என்பதற்கும் இடையிலான வேறுபாட்டைப் பேணுதல் வேண்டும். முதற்கூற்றின்படி, துன்புறுவோர் தமக்குள் இருக்கும் ஒன்றன் காவலராகவே என்றும் இருப்பர். இரண்டாம் கூற்றின்படி, அவர் தம் நினைவின்மீது உரிமையும், அதற்குப் புதுப்பொருள் காணும் ஆற்றலும் உடைய முதிர்ந்த மனிதர். கொடுமைக்குத் தப்பி வளர்ந்தவர்களை அவ்வாறு காண்பதே அறிவியலுக்கும் அறத்துக்கும் பொருந்துவதாகும்.